வெளிக்கதவில் இருப்பது என்ன பூட்டு? பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசல்காரன்:
வணக்கம். புதிதாகக் குடிவந்த வீட்டில் வெளியே திறக்கும் கதவுகள் மூன்று. மூன்றிலும் மூன்று விதப் பூட்டு. காப்பீட்டுப் படிவத்தில் "வெளிக்கதவில் பொருத்தியுள்ள பூட்டின் வகை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஐந்து லீவர் மார்ட்டிஸ், ரிம் பூட்டு, மல்டிபாயின்ட், சிலிண்டர் என்று வரிசையாகப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள். எனக்குப் பூட்டு என்றால் பூட்டு, சாவி என்றால் சாவி. அதற்கு மேல் தெரியாது.

முன்கதவு: நீளத் தகட்டோடு கைப்பிடி, அதற்குக் கீழே சாவித்துவாரம். சாவி சின்னது, தட்டை, பல் பல்லாக இருக்கும்.
பக்கக் கதவு: பழைய மரக்கதவு. கைப்பிடியும் உண்டு. சாவி விரல் நீளம், நுனியில் கொடி மாதிரி ஒரு துண்டு.
பின்கதவு: வெளியே ஒரு பித்தளை வட்டம் மட்டும். உள்ளே கதவின் மேல் ஒரு பெட்டி, அதில் ஒரு குமிழ்.

எதை எந்தக் கட்டத்தில் போடுவது?

கீல்சத்தம்:
ரொம்ப சுலபம் சார். சின்ன சாவின்னா சிலிண்டர், நீள சாவின்னா லீவர். முடிஞ்சுது.

திருப்புளி:
ஒரு படம் போடுங்களேன், பார்த்துச் சொல்லிவிடலாம். சாவியையும் சேர்த்து எடுங்கள்.

இரவுக்காவல்:
திருப்புளி அண்ணா, சாவிப் படம் மட்டும் வேண்டாம்! வாசல்காரன், தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். பல்லின் வெட்டு தெரிந்தால் போதும், படத்தைப் பார்த்தே மாற்றுச்சாவி வெட்டலாம். சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இலேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள். கிட்டத்தட்ட 200 அடி தொலைவில் மேசை மேல் கிடந்த சாவியை, கூரையிலிருந்து படம் பிடித்தே வெட்டின் அளவை எடுத்தார்கள். பூட்டைப் படம் எடுங்கள், சாவியைப் பற்றி வாயால் சொன்னால் போதும். சாவியின் தலையில் எண் பொறித்திருந்தால் அதையும் எழுத வேண்டாம்.

திருப்புளி:
அட, அது தோணவே இல்லை. சரிதான்.

ஆசாரி மகன்:
கீல்சத்தம் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு பூட்டைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒன்று, பூட்டின் உடல் கதவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? இரண்டு, சாவியைச் சோதிக்கும் பொறி எது? படிவத்தில் இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துகட்டிப் போட்டுவிடுகிறார்கள். "மார்ட்டிஸ்" என்பது உடல் இருக்கும் இடம். "சிலிண்டர்" என்பது பொறி. ஒரே பூட்டு மார்ட்டிஸாகவும் சிலிண்டராகவும் இருக்கலாம். "இவர் மாடிவீட்டுக்காரரா, இடதுகைக்காரரா, ஒன்றை மட்டும் சொல்" என்று கேட்பது போல இருக்கிறது.

முதல் கேள்விக்கு விடை கதவின் முகத்தில் கிடைக்காது. கதவைத் திறந்துவைத்து அதன் ஓரத்தைப் பாருங்கள், கீல் இல்லாத பக்கம். அங்கே தகடு பதித்து, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டு, நடுவில் நாக்கு எட்டிப் பார்த்தால், உடல் மரத்தைக் குடைந்து உள்ளே இறக்கியிருக்கிறது. அதுதான் மார்ட்டிஸ். அதே தகடு ஒரு சாண் அளவில் நிற்காமல் கிட்டத்தட்ட கதவின் உயரம் முழுக்க ஓடி, வழியில் கொக்கியோ உருளையோ மேலும் கீழும் தெரிந்தால் மல்டிபாயின்ட். ஓரத்தில் தகடு இல்லை, உள்முகத்தில் பெட்டி திருகியிருக்கிறது என்றால் ரிம் பூட்டு. உங்கள் பின்கதவு இப்போதே தெரிகிறது, அது ரிம்.

முன்கதவையும் பக்கக் கதவையும் திறந்து ஓரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

கீல்சத்தம்:
அண்ணே, சாவிய பாத்து பொறிய சொல்றதாவது சரியா இல்லையா?

ஆசாரி மகன்:
பெரும்பாலும் சரி தம்பி. சிலிண்டருக்குள் குட்டிக் குட்டிப் பின்கள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டு. சாவியின் பல் அவற்றை ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தால்தான் நடுவுருளை சுழலும். அதற்குத் தட்டைச் சாவி போதும். லீவர் பூட்டில் அடுக்கடுக்காகத் தகடுகள். சாவியின் கொடி சுழன்று ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் நாக்கு நகராது. சாவி பூட்டின் வயிறு வரை போக வேண்டியிருப்பதால் தண்டு நீளம்.

ஆனால் பல்லே இல்லாமல் பக்கவாட்டில் குழி குழியாக இருக்கும் சாவியும் சிலிண்டர்தான். நான்கு பக்கமும் வெட்டு உள்ள சிலுவைச் சாவியும் அப்படியே. மேசை டிராயர் பூட்டில் லீவர் இருந்தாலும் சாவி சின்னதாக இருக்கும். முக்கியமாக, சாவியைப் பார்த்தால் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மார்ட்டிஸுக்கும் மல்டிபாயின்டுக்கும் ஒரே சிலிண்டரை ஒரே சாவியோடு போடலாம்.

பித்தளைப்பூட்டு:
சும்மா ஒரு கொசுறு. லீவரைக் கூடவும் குறையவும் தூக்கக் கூடாது என்ற ஏற்பாட்டை ராபர்ட் பேரன் 1778இல் இங்கிலாந்தில் கொண்டுவந்தார். இன்றைய சிலிண்டரும் தட்டைச் சாவியும் லைனஸ் யேல் இளையவர் 1860களில் காப்புரிமை எடுத்தவை. இரண்டு வம்சமும் இன்றுவரை கதவில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன.

1851 லண்டன் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், யாராலும் திறக்க முடியாது என்று பேர்போன சப் நிறுவன லீவர் பூட்டை அரைமணிக்குள் திறந்தார். அதேபோல் பேர்பெற்ற இன்னொரு பூட்டான பிராமா பூட்டு அவரை 16 நாட்களில் 51 மணி நேரம் உட்காரவைத்தது. ஊரே தூக்கம் கெட்டுப் போனதாம்.

மட்டுறுத்துநர்:
சுவையான தகவல்தான். ஆனால் பூட்டை நெம்பித் திறப்பது பற்றி இந்த இழையில் வேண்டாம். அடையாளம் காண்பதோடு நிற்போம்.

வாசல்காரன்:
வந்துவிட்டேன். முன்கதவில் தகடு முழங்கால் உயரத்தில் தொடங்கித் தலைக்கு மேல் வரை ஓடுகிறது. நடுவில் இரண்டு நாக்கு, மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. கைப்பிடியை மேலே தூக்கினால் கொக்கிகள் வெளியே வருகின்றன! நாலு மாதமாகத் தூக்காமலேதான் பூட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கக் கதவில் ஒரு சாண் தகடு. அதன்மேல் தலைமுறை தலைமுறையாகப் பெயின்ட். எழுத்து எதுவும் தெரியவில்லை.

ஆசாரி மகன்:
முன்கதவு மல்டிபாயின்ட், சந்தேகமே இல்லை. தூக்காமல் பூட்டினீர்கள் என்றால், சில மாதிரிகளில் நடுநாக்கு மட்டும் போயிருக்கும், சிலவற்றில் சாவியே திரும்பாது, சிலவற்றில் கதவைச் சாத்தினதுமே கொக்கி தானாக விழும். உங்களுடையது முதல் வகை போலிருக்கிறது. இனிமேல் தூக்கிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

பக்கக் கதவுத் தகட்டிலுள்ள பெயின்டைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். ஸ்க்ரூவின் பள்ளத்தையும் சுத்தம் செய்துவிடுங்கள், பிறகு கழற்றும்போது உதவும். தரமுத்திரை, தர எண், லீவர் எண்ணிக்கை எல்லாம் அந்தத் தகட்டில்தான் பொறிப்பார்கள்.

கீல்சத்தம்:
எதுக்கு சுரண்டணும்? சாவியில எத்தனை படி இருக்குன்னு எண்ணுங்க. அஞ்சு படின்னா அஞ்சு லீவர்.

பித்தளைப்பூட்டு:
அது நம்ப முடியாத கணக்கு. படிகளில் ஒன்று லீவரைத் தொடவே தொடாது, நாக்கை நகர்த்துவதற்கென்றே இருப்பது. இருபுறமும் சாவி போடும் பூட்டு என்றால் இன்னும் குழப்பம். லீவரைத் தொடாத இன்னொரு படியும் இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு படி ஒரே உயரத்தில் வெட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். சாவியைப் பார்த்து "லீவர் பூட்டு" என்று சொல்லலாம், "ஐந்து" என்று சத்தியம் செய்ய முடியாது.

கீல்சத்தம்:
நான் இத்தனை நாளா அப்படித்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன் 😅

இரவுக்காவல்:
காப்பீட்டுக்காரர்கள் ஐந்து லீவர் என்று கேட்கிற இடத்தில் பெரும்பாலும் பிரிட்டனின் பி.எஸ். 3621 தரத்தையும் சேர்த்தே கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஐந்து லீவர் இருந்தும் அந்தத் தரம் இல்லாத பூட்டுகள் உண்டு. அந்தத் தரத்தில் நாக்கு 20 மி.மீ. வெளியே வர வேண்டும், குறைந்தது 1000 சாவி மாறுபாடு இருக்க வேண்டும், துளையிடுவதைத் தாங்க வேண்டும். தகட்டில் அந்த எண் பொறித்திருக்கும், பக்கத்தில் இதய வடிவ முத்திரையும் இருக்கலாம். எண் இல்லாவிட்டால் இருக்கிறது என்று எழுதாதீர்கள். திருட்டு நடந்த பிறகுதான் ஆள் வந்து தகட்டைப் பார்ப்பான்.

இன்னொன்று. 3621 என்றால் உள்ளேயிருந்தும் சாவி வேண்டும். 8621 என்றால் உள்ளே குமிழைத் திருப்பினாலே திறக்கும். தீப்பிடித்தால் இருட்டில் சாவி தேடுவீர்களா என்று பார்த்து எதை வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

வாசல்காரன்:
சுரண்டினேன். ஒரு மணி நேரம். தகடு பளபளவென்று வந்தது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை 🙏

திருப்புளி:
சில பூட்டுகளில் தகடு இரண்டடுக்கு. மேல் தகடு அழகுக்கு, அடியில் உண்மையான தகடு. மேல் ஸ்க்ரூ இரண்டைக் கழற்றிப் பாருங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் பூட்டையே வெளியே எடுத்துப் பார்க்கலாம், பயப்பட ஒன்றுமில்லை. முதலில் கைப்பிடிகளைக் கழற்றி நடுவிலுள்ள சதுரக் கம்பியை உருவுங்கள். நாக்கை உள்ளே இழுத்துவைத்துவிட்டு ஓரத் தகட்டின் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். தகட்டை நெம்பாதீர்கள், மரம் பிளந்துவிடும். சதுரக் கம்பி போன துளையில் ஒரு திருப்புளியைக் குறுக்கே நுழைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உங்களை நோக்கி மெல்ல இழுங்கள். பெயின்ட் ஒட்டியிருந்தால் தகட்டைச் சுற்றிப் பிளேடால் ஒரு கோடு போட்டுவிட்டு இழுங்கள்.

பெட்டியின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஒரு தடவை திறந்து, ஒன்று கட்டிலுக்கு அடியில் போய், இன்றுவரை கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்.

வாசல்காரன்:
எடுத்துவிட்டேன். அடித் தகட்டிலும் எழுத்து இல்லை. பெட்டியைக் கையில் வைத்து, சாவித்துவாரத்தில் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். பித்தளைத் தகடு விளிம்புகள் தெரிகின்றன. மூன்றுதான் எண்ண முடிகிறது. மனைவியையும் எண்ணச் சொன்னேன். மூன்று.

ஆசாரி மகன்:
அப்படியானால் மூன்று லீவர் மார்ட்டிஸ். வீட்டுக்குள் அறைக்கதவுக்குப் போடுவது, யாரோ வெளிக்கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், பிறகு மாற்றிவிடுங்கள்.

பெட்டி கையில் இருக்கும்போதே அளந்துவிடுங்கள். தகட்டின் முகத்திலிருந்து பெட்டியின் பின்முதுகு வரை எவ்வளவு? தகட்டின் முகத்திலிருந்து சாவித்துவாரத்தின் நடு வரை எவ்வளவு? சதுரத் துளையின் நடுவிலிருந்து சாவித்துவாரத்தின் நடு வரை எவ்வளவு? தகட்டின் நீளம், அகலம். இவ்வளவும் ஒத்துப்போகிற ஐந்து லீவர் பூட்டு கிடைத்தால் பழைய குழியிலேயே உட்காரும், உளி எடுக்க வேண்டியதில்லை. அங்குலத்தில் சொன்னால் இரண்டரை, மூன்று என்பவைதான் அதிகம் புழங்கும் பெட்டி ஆழம்.

வாசல்காரன்:
ஆழம் 76 மி.மீ., சாவித்துவாரம் வரை 57. கைப்பிடித் துளையிலிருந்து சாவித்துவாரமும் 57.

ஆசாரி மகன்:
மூன்று அங்குலப் பெட்டி. பரவலாக உள்ள அளவுதான், மாற்று கிடைக்கும்.

வாசல்காரன்:
இப்போது வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். இந்த இழையைத் தொடங்குவதற்கு முன்பே முன்கதவுக்கு ஒரு சிலிண்டர் இணையத்தில் வாங்கிவிட்டேன். பழையதை முனைக்கு முனை அளந்தேன், 70 மி.மீ. எழுபதுதான் வாங்கினேன். மாட்டினால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, உள்ளே பள்ளமாகப் போய்விட்டது. அளவு சரிதானே, பிறகு ஏன்?

திருப்புளி:
எல்லாரும் ஒருமுறை செய்யும் தப்பு. யூரோ சிலிண்டர் என்றால் மேலே வட்டம், கீழே ஒரு வால் உள்ள உருவம். அதன் மொத்த நீளத்தை அளந்து பயனில்லை. கதவின் ஓரத் தகட்டிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூ வந்து சிலிண்டரின் வயிற்றில் பிடிக்கும் இல்லையா, அந்த ஸ்க்ரூத் துளையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். நீங்கள் வாங்கியது 35/35. பழையதை அப்படி அளந்து பாருங்கள்.

வாசல்காரன்:
வெளியே 30, உள்ளே 40!!

திருப்புளி:
அதான். ஐந்து மி.மீ. வெளியே போய்விட்டது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அப்படியே விட்டுவிடாதீர்கள். கைப்பிடித் தகட்டுக்கு வெளியே 3 மி.மீ.க்கு மேல் சிலிண்டர் நீட்டக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து உடைக்கத் தோது. ஸ்க்ரூத் துளை இருக்கிற இடத்தில்தான் உலோகம் ஆக மெல்லியது, அங்கேதான் முறியும்.

கீல்சத்தம்:
பழைய சிலிண்டர எப்படி கழட்டுனீங்க? எனக்கு ஸ்க்ரூ எடுத்தும் வரல.

வாசல்காரன்:
எனக்கும் முதலில் வரவில்லை. சாவியைப் போட்டு ஒரு சின்னத் திருப்பு, கடிகார முள் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகிற அளவுக்குக்கூட இல்லை. உள்ளே நடுவில் இருக்கும் காதுபோன்ற துண்டு உடம்போடு சேர்ந்து மறைந்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. வலப்பக்கம் வராவிட்டால் இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

கீல்சத்தம்:
வந்துடுச்சு! நன்றி சார். சாவிய உருவிட்டு இழுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

பித்தளைப்பூட்டு:
முன்கதவில் பின்னாளில் கைப்பிடி தொங்க ஆரம்பித்தாலோ தூக்கக் கஷ்டமாக இருந்தாலோ முழு நீளத் தகட்டையும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பெரும்பாலும் தேய்வது நடுப்பெட்டிதான், பல மாதிரிகளில் அதை மட்டும் மாற்றலாம். நீளத் தகட்டில் நடுப்பெட்டியின் அருகே தயாரிப்பாளர் பெயர் பொறித்திருக்கும். அதையும், கைப்பிடிக் கம்பியின் நடுவிலிருந்து சிலிண்டர் வட்டத்தின் நடு வரை உள்ள தூரத்தையும் குறித்து வையுங்கள். 92 மி.மீ. நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாசல்காரன்:
குறித்தேன், 92தான். மிச்சம் பின்கதவு. ரிம் என்று எழுதினால் போதுமா?

இரவுக்காவல்:
போதாது. ரிம்மில் இரண்டு சாதி. கதவைச் சாத்தினால் "டக்" என்று தானாக மாட்டிக்கொள்ளும் சரிந்த நாக்கு உள்ளது நைட் லாட்ச். சாவியால் தள்ளினால் மட்டும் வெளியே வரும் சதுர நாக்கு உள்ளது ரிம் டெட்லாக்.

கதவைத் திறந்துவைத்து (சாத்திவைத்து அல்ல, வெளியே மாட்டிக்கொள்வீர்கள்) நாக்கை விரலால் உள்ளே தள்ளுங்கள். சரிந்த நாக்கு ஸ்பிரிங்கில் உள்ளே போகும். போனால், கதவிடுக்கில் ஒரு தகட்டை நுழைத்து வெளியிலிருந்தும் அதே மாதிரி தள்ளலாம் என்று அர்த்தம். சிலவற்றில் பெரிய நாக்கை ஒட்டி ஒரு குட்டி நாக்கு இருக்கும். கதவு சாத்தியிருக்கும்போது அது அமுங்கி, பெரியதைப் பூட்டிவைக்கும். குட்டி நாக்கை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பெரியதைத் தள்ளிப் பாருங்கள்.

வாசல்காரன்:
சரிந்த நாக்குதான். குட்டி நாக்கும் இருக்கிறது! அமுக்கினால் பெரியது அசையவில்லை. குமிழுக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கிறது, அதை நகர்த்தினால் நாக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

இரவுக்காவல்:
தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச். பொத்தான் நாக்கை நிறுத்திவைக்க. பெட்டி மாற்றுவதானால் கதவின் ஓரத்திலிருந்து வெளி வட்டத்தின் நடு வரை அளங்கள். 60 என்றால் சாதாரணம், 40 என்றால் ஒடுங்கிய சட்டக் கதவுக்கானது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது.

வாசல்காரன்:
60. படிவத்தை நிரப்பிவிட்டேன்: முன்கதவு மல்டிபாயின்ட், யூரோ சிலிண்டர். பின்கதவு தானாகப் பூட்டும் நைட் லாட்ச். பக்கக் கதவு மூன்று லீவர் மார்ட்டிஸ், மாற்றப்போகிறேன் என்று குறிப்பு. பக்கக் கதவுக்கு இன்றிரவு உள்ளே நாற்காலியை அண்டைக் கொடுத்திருக்கிறேன், பூட்டு இன்னும் சாப்பாட்டு மேசை மேல்தான் கிடக்கிறது.

நிலைவாசல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கதவில் இங்கே சொன்ன எதுவும் இல்லை. உருண்டைக் கைப்பிடி, அதன் நடுவிலேயே சாவித்துவாரம். கைப்பிடிக்கு மேலே தனியாக இன்னொரு வட்டம், அதிலும் சாவித்துவாரம். ஓரத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இரண்டு தகடுகள் மட்டும்.

ஆசாரி மகன்:
அது மூன்றாவது குடும்பம் அம்மா. கதவின் முகத்தில் வட்டமாகப் பெரிய துளை போட்டு, ஓரத்திலிருந்து சின்னத் துளை போட்டு, இரண்டும் சந்திக்கிற இடத்தில் பொருத்துவது. வட அமெரிக்காவில் பெரும்பாலும் இதுதான். கீழே இருப்பது உருண்டைக் கைப்பிடிப் பூட்டு, மேலே இருப்பது டெட்போல்ட், அதாவது ஸ்பிரிங் இல்லாத கெட்டி நாக்கு. உண்மையில் காவல் காப்பது மேலே இருப்பதுதான். முகத்துளை வழக்கமாக 54 மி.மீ., ஓரத்திலிருந்து அதன் நடு 60 அல்லது 70 மி.மீ. கழற்றாமலே ஓரத்திலிருந்து சாவித்துவாரத்தின் நடு வரை ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடலாம்.

நிலைவாசல்:
60க்கும் 70க்கும் நடுவில் 65 என்று காட்டுகிறது.

ஆசாரி மகன்:
கதவைச் சாத்திவைத்து, நிலையிலிருந்து அளந்தீர்களா?

நிலைவாசல்:
...ஆமாம். திறந்து அளந்துவிட்டு வருகிறேன்.